பெட்டக அறைக்குள் பிரெஞ்சுப் படம்

பழைய சிப்பாய்கள் கொள்ளையடிக்கப் போகிற படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல இந்தக் கணபதி வட்டாரத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் யாரும் கிடையாது. தற்பெருமை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும். ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்சாக வேலை பார்த்து, கேப்டனாக வெளியே வந்தவள் நான். காய்ச்சல் என்று சொல்லிப் பரேடுக்கு டிமிக்கி கொடுக்க வரும் சிப்பாயை, தெர்மாமீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவேன். அப்படிப்பட்ட என்னிடம் ஒரு நடிகர் வந்து சிப்பாய் மாதிரி நடந்து காட்டினால் சும்மா விடுவேனா?

அந்தப் படம் பிரெஞ்சு. கறுப்பு வெள்ளை. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய இரண்டு பேர். ஒருவன் நெட்டையன், பாராசூட்டில் குதித்த ஆபீசர். இன்னொருவன் குட்டையன், அதே பட்டாளத்தில் சமையல்காரன். நெட்டையனுக்குக் குட்டையனைக் கண்டால் ஆகாது. குட்டையனுக்கு நெட்டையன் சிகரெட் பிடிக்கிற விதம்கூடப் பிடிக்காது. இரண்டு பேருக்கும் வேலை இல்லை. ஒரு நகைக்கடையின் நிலவறையில் இருக்கும் இரும்புப் பெட்டியை உடைக்க ஒன்றாகப் போகிறார்கள். கதை அவ்வளவுதான். அதில் பாதிக்கு மேல் நாங்கள் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய மில் ஆபீஸ் இருக்கிறது. வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு மில் குடும்பத்தின் சொத்து. மில் நின்று பல வருடம் ஆகிவிட்டது. முன்பக்கக் கட்டடத்தில் இப்போது பம்ப் மோட்டார் ஒர்க்‌ஷாப் நடக்கிறது. குடும்பத்தின் பேரன் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல பையன், ஆனால் சினிமாப் பைத்தியம். மில் ஓடிய காலத்தில் கூலிப் பணம் வைப்பதற்காகப் பின்பக்கம் ஒரு பெட்டக அறை கட்டியிருந்தார்கள். முழ அகலச் சுவர், ஜன்னல் கிடையாது, ஆளுயர இரும்புக் கதவு, கதவின் வெளிப்பக்கம் பஸ் ஸ்டீரிங் மாதிரி ஒரு சக்கரம். பேரன் அந்த அறைக்குள் சோபா போட்டு, ஏ.சி. மாட்டி, திரை கட்டி, குட்டி தியேட்டர் ஆக்கிவிட்டான். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கக் கதவின் உள்பக்கத்தில் பஞ்சுப் பலகை அடித்தார்கள். அதற்கு இடைஞ்சலாக இருந்த உள்கைப்பிடியைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டார்கள். கைப்பிடி எதற்கு, அந்தக் கதவை மூடியே பல காலம் ஆகிறது, துருப்பிடித்து அசையவே அசையாது என்றான். நானும் தலையாட்டினேன்.

ஆயுத பூஜை அன்றைக்குப் படம் போடுகிறேன், வாருங்கள் ஆன்ட்டி என்று கூப்பிட்டான். ஆன்ட்டி என்று சொன்னதற்கு ஒரு முறை முறைத்துவிட்டு, வருகிறேன் என்றேன். "நம்ம சுபேதார் சாரையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரும் பட்டாளத்து ஆளுங்க, இந்தப் படம் உங்களுக்குன்னே எடுத்த மாதிரி இருக்கும்" என்றான்.

சுபேதாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பகுதியில் ராணுவத்தில் இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் எங்களுக்குள் நல்ல சிநேகம் இருக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. சிநேகமாவது ஒன்றாவது! புதிதாகச் சேரும் பையன்களுக்கு டிரில் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்த மனிதர் அவர். நர்ஸ்களை அவர் சிப்பாய்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. முதல் தடவை என்னைப் பார்த்தபோதே, "ஏனுங்க நர்சம்மா, நீங்க வெயில்ல நின்னதுண்டுங்களா?" என்று கேட்டார். "நீங்கள் வெயிலில் நிற்கவைத்து மயங்கி விழுந்தவர்களை எல்லாம் தூக்கி நிறுத்தியது யாருங்க?" என்று நான் கேட்டேன். அதிலிருந்து அவர் எனக்கு சல்யூட் வைத்ததில்லை. நான் அவரை சார் என்று கூப்பிட்டதில்லை. காய்கறிக் கடையில் பார்த்தால்கூட இரண்டு வார்த்தை முட்டிக்கொண்டுதான் பிரிவோம். ஒருவரும் சத்தம் போடமாட்டோம். இந்த ஊரில் சண்டையைக்கூட வாங்க போங்க என்று மரியாதையாகத்தான் போட வேண்டியிருக்கிறது, அது பெரிய இம்சை.

சத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த மனிதர் பேசுவது எதிரில் இருப்பவருக்கே கேட்காது. குனிந்து காதைக் கொடுத்தால்தான் விளங்கும். இவர் எப்படி மைதானம் முழுக்கக் கேட்க ஆணை போட்டார் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம்.

அவர் மனைவிக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. நல்ல சிவப்பு, நெற்றி நிறையக் குங்குமம், வருகிறவர்களை எல்லாம் வாய் நிறைய வாங்க என்று கூப்பிடுகிற அம்மா. உடம்பில் வேறு ஒரு குறையும் இல்லை. புருஷனைத்தான் அடையாளம் தெரியவில்லை. அவரையும் வீட்டுக்கு வந்த விருந்தாளி என்று நினைத்துக்கொண்டு, "தம்பி, நீங்க எந்தூருங்க? உக்காருங்க, எங்கூட்டுக்காரரு இப்ப வந்துருவாரு" என்று சொல்லுவார். இவரும் உட்காருவார். வேறு என்ன செய்வார்?

அந்த அம்மா புருஷனைத் தேடி வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிவிடுவார். அதனால் வெளியே போனால் வீட்டைப் பூட்டிக்கொண்டுதான் போவார் சுபேதார். வழக்கமாகப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருவாள், ஆயுத பூஜைக்கு அவள் லீவு. அதைச் சொல்லித்தான் படத்துக்கு வர மாட்டேன் என்றார். நான்தான் விடவில்லை. அவர் வீட்டு வாசலைத் தவிர வேறு எதையும் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. முகம் வெளுத்து, சட்டைக் காலர் கழுத்தில் தொங்கியது. இப்படியே போனால் இவர் முதலில் படுப்பார் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் வேண்டியதில்லை. "மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் வந்துவிடலாம். அவங்க காலையில சாப்பிட்டுத் தூங்குற நேரம்தானே" என்று கட்டாயப்படுத்தி இழுத்துக்கொண்டு போனேன். இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார். "போன தடவ நா வர நேரமானப்ப கண்ணாடிய ஒடைச்சுப்போட்டாங்க, ஞாபகமிருக்குதுங்களா?" எப்படி மறக்கும்? ஜன்னல் கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நின்றார் அந்த அம்மா. மணிக்கட்டில் நரம்புக்குப் பக்கத்தில் வெட்டு. கட்டுப் போட்டது நான். ஒரு நூல் தள்ளியிருந்தால் கட்டுக்கே வேலை இருந்திருக்காது.

அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் ஒரே கோலாகலம். லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டிருந்தார்கள். ஸ்பேனர், சுத்தியல், ரம்பம் எல்லாம் துடைத்து வாழையிலையில் படையலுக்கு வைத்திருந்தது. ஜமாப் கொட்டு அடிக்க ஆட்கள் வந்து மேளத்தைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பெட்டக அறைக் கதவுக்கும் பட்டை பட்டையாகச் சந்தனம், சக்கரத்தில் சாமந்தி மாலை. கதவு பளபளவென்று இருந்தது. நான் அதைப் பாராட்டிக்கூடச் சொன்னேன்.

உள்ளே நாங்கள் நாலு பேர். நான், சுபேதார், பேரன், அப்புறம் பேரனுடைய அப்பாவுக்குச் சிநேகிதரான ஒரு பெரியவர். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர், பூஜைக்குத் தேங்காய் கொண்டுவந்தார். ஏ.சி. இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

படத்தில் வசனம் பிரெஞ்சு, அடியில் எழுத்து இங்கிலீஷ். தோப்புக்காரருக்கு இரண்டும் வேண்டாம். "அம்மணி, அவன் என்ன சொல்றானுங்க?" என்று ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டார். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். "நெட்டையன் குட்டையனப் பாத்து, நீ வெங்காயம் உரிக்கத்தான் லாயக்குங்கிறான்." "அதுக்கு அவன்?" "வெங்காயம் உரிச்சவனுக்குக் கண்ணீர் வரும், ஆனா கை நடுங்காதுங்கிறான்." தோப்புக்காரர் தொடையில் தட்டி, "பலே!" என்றார். நெட்டையன் துப்பாக்கியைப் பிடித்த விதத்தைப் பார்த்து சுபேதார் ச்சு கொட்டினார். இவனெல்லாம் ஆபீசரா என்று நான் கேட்டேன். ஆபீசருங்க எல்லாருமே இப்படித்தானுங்க என்றார் அவர், மெதுவாக, திரையைப் பார்த்தபடியே. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பல மாதத்துக்குப் பிறகு அவர் உதட்டில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன், அதனால் விட்டுவிட்டேன்.

இரண்டு பேரும் நிலவறைக்குள் இறங்குகிறார்கள். குட்டையன் காதை இரும்புப் பெட்டியில் வைக்கிறான். அந்த நேரம் பார்த்து வெளியே ஜமாப் ஆரம்பித்தது. ஜமாப் கேட்டவர்களுக்குத் தெரியும், அது காதால் கேட்பதில்லை, நெஞ்செலும்பில் அடிப்பது. "அட, ஒண்ணுங் கேக்கமாட்டேங்குதே!" என்று தோப்புக்காரர் எழுந்துபோய்க் கதவின் விளிம்பைப் பிடித்து இழுத்தார். அசையவே அசையாத கதவு வெண்ணெய் மாதிரி வந்தது. வந்து, பொருந்தி, உள்ளே எங்கேயோ கடகடவென்று தாழ்கள் விழுகிற சத்தம் கேட்டது. அதற்கு அடுத்த நிமிடம் கரண்ட் போய்விட்டது.

என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லா இயந்திரத்தையும் கழுவித் துடைத்து எண்ணெய் விடுவது இங்கே வழக்கம். ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன், இரும்புக் கதவும் மில் காலத்து இயந்திரம்தானே, சும்மா விடுவானேன் என்று கீல், தாழ், சக்கரத்தின் அச்சு என்று ஓர் இடம் விடாமல் எண்ணெய் ஊற்றி ஆட்டி ஆட்டிப் பக்குவப்படுத்திவிட்டார். சாமி காரியம், பாதியில் நிறுத்தக் கூடாது பாருங்கள். அதோடு, பூஜை நேரத்தில் எந்த மெஷினும் ஓடக் கூடாது என்று மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டார். தியேட்டருக்கும் அந்த போர்டிலிருந்துதான் கரண்ட் வருகிறது என்பது அவர் நினைவில் இல்லை.

இருட்டு என்றால் அப்படியொரு இருட்டு. பேரன் செல்போன் வெளிச்சத்தைப் போட்டான். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கரண்ட் போனதால் வைஃபையும் இல்லை. "அய்யோ தேவுடா!" என்று தெலுங்குக்குப் போய்விட்டான். கதவைக் குத்தினோம், உதைத்தோம். பஞ்சுப் பலகையில் குத்தினால் தலையணையில் குத்தின மாதிரி இருந்தது. வெளியே ஜமாப் இன்னும் வேகமெடுத்தது.

"பதறாதீங்க. அந்தப் படத்துல பொட்டிய எப்புடித் தொறந்தாங்களோ அப்புடித் தொறந்தாப் போச்சு" என்றார் தோப்புக்காரர்.

"அதுக்குள்ள கரண்ட் போயிருச்சுங்களே!" என்று பேரன் அழாத குறையாகச் சொன்னான்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பூஜை முடிந்தால் சுண்டலும் பொரியும் கொடுக்க எப்படியும் யாராவது தேடி வருவார்கள். சாயங்காலம் ஆகலாம், ஆனால் வருவார்கள். நாலு பேருக்கு இந்த அறையில் அதுவரை மூச்சுக்கும் பஞ்சமில்லை. அப்போது திரும்பி சுபேதாரைப் பார்த்தேன். அவர் கதவுக்குப் பக்கத்தில் நின்று சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துப் பார்த்தார். பைக்குள் போட்டார். மறுபடியும் எடுத்தார். என் சிரிப்பு நின்றுவிட்டது.

"சாப்பாட்டு நேரம் ஆயிருச்சுங்க. எந்திரிச்சிருப்பாங்க. ஜன்னலுக்குத்தான் போவாங்க" என்றார்.

எனக்கும் பயம் வந்தது. வெட்டுக் காயம் எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஆனால் பூட்டின வீட்டுக்குள் தனியாக ரத்தம் போவதை நினைத்தால் யாருக்கும் பயம் வரும். அந்த அம்மாவுக்குக் கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. வெளியே நீட்டிக்கொண்டு புருஷன் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே நிற்பார்.

"இந்த ரூமுக்குக் காத்து வர எங்கேயாவது ஓட்டை வெச்சிருப்பாங்கல்ல?" என்று பேரனை உலுக்கிக் கேட்டேன். அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. பின்சுவரில் உச்சியில் ஒரு சின்னக் காற்றுத் துவாரம் இருந்தது, கம்பி போட்டது, ஏ.சி. மாட்டும்போது பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். முன்னாலேயே சொல்லித் தொலைப்பதற்கென்ன? தோப்புக்காரரிடம் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. சோபாவின் முதுகில் ஏறி நின்று பேரன் நெம்பினான். பலகை விழுந்து, தூசியோடு ஒரு கை அகல வெளிச்சம் உள்ளே வந்தது. அதோடு ஜமாப் சத்தமும் முழுசாக வந்தது. பின்னால் இருப்பது ஒரு சந்து. அதில் ஒரு ஈ காக்காய் இல்லை, அத்தனை பேரும் முன்னால் பூஜையில் இருந்தார்கள். அந்தச் சந்தைத் தாண்டி இரண்டாவது தெருவில்தான் சுபேதார் வீடு.

பேரன் கத்தினான், தொண்டை கம்மியது. நான் ஏறிக் கத்தினேன். என் குரல் வார்டு முழுக்கக் கேட்கிற குரல்தான், ஆனால் ஜமாப் அதை அப்படியே விழுங்கிவிட்டது. தோப்புக்காரரின் முழங்காலுக்கு சோபா ஏற்றம் ஆகாது.

"சுபேதார், நீங்க ஏறுங்க" என்றேன்.

ஏறினார். துவாரத்துக்கு முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு, "ஏனுங்க... யாராச்சும் இருக்கீங்களா... சித்த இங்க வாரீங்களா..." என்றார். பால்காரரிடம் அரை லிட்டர் சேர்த்து ஊற்றச் சொல்கிற மாதிரி!

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "என்னங்க இது! அங்க உங்க சம்சாரம் தனியா இருக்காங்க, நீங்க இங்க பக்கத்து வீட்டுல மோர் கேக்கற மாதிரிக் கேக்கறீங்க! டிரில் வாத்தியார்தானே நீங்க? அந்தச் சத்தம் எங்க போச்சு?"

அவர் சோபா மேல் நின்றபடியே எங்களைத் திரும்பிப் பார்த்தார். "வரமாட்டேங்குதுங்க" என்றார்.

பிறகு சொன்னார். மனைவிக்கு இது ஆரம்பித்த சமயத்தில் ஒரு நாள் அந்த அம்மா நடு ரோட்டுக்குப் போய்விட்டார். லாரி வந்தது. இவர் தன்னை மறந்து ஒரு கத்துக் கத்தி இழுத்துவந்தார். பயந்துபோய் அந்த அம்மா கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு, சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. "அன்னைக்கு முடிவு பண்ணுனேனுங்க. இனிமே என்னோட சத்தம் அவ காதுல விழப்படாதுன்னு. அமுக்கி அமுக்கி, இப்ப வேணும்னாலும் வரமாட்டேங்குதுங்க."

தோப்புக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழ அது நேரமில்லை. பயந்துபோன சிப்பாய்களை நான் பார்த்திருக்கிறேன். காலில் குண்டுச் சிதறலோடு வந்து, வலி தெரியாமல் அம்மாவைக் கூப்பிடுகிறவர்கள். அவர்களிடம் கெஞ்சினால் வேலைக்காகாது. ஆறுதல் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நேராக நின்றேன். தோளை விறைத்துக்கொண்டேன். "சுபேதார் சாப்! நான் கேப்டன் பேசறேன். இது ஆர்டர். துவாரத்தைப் பார்த்துத் திரும்புங்க. பரேடுக்கு ஆணை கொடுங்க. இப்பவே!"

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் எனக்கு, "எஸ் மேடம்" என்றார். திரும்பினார். முதுகு நிமிர்ந்தது. நெஞ்சு விரிவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

"பரே...ட்! சாவ்தான்!"

அடேயப்பா! மூடின இரும்பு அறைக்குள் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். சோபா அதிர்ந்தது. தோப்புக்காரர் எழுந்து கையை ஒட்டி வைத்து நின்றுவிட்டார், அவர் எந்தப் பட்டாளத்திலும் இருந்தவரில்லை. நானும் சேர்ந்து விறைத்து நின்றேன். இரண்டாவது தடவை கொடுத்தார். மூன்றாவது தடவை கொடுத்தபோது ஜமாப் தடுமாறி நின்றது.

சந்தில் ஆள் ஓடிவரும் சத்தம் கேட்டது. "ஏனுங்க, யாருங்க அது? என்னாச்சுங்க?" என்று ஃபோர்மேன் குரல். கதவைத் திற என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தயக்கம். சக்கரத்துக்குக் கற்பூரம் காட்டியாகிவிட்டது, படையல் எடுக்கிற வரை தொடக் கூடாது. ஃபோர்மேன் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாமி, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுச் சுற்றினாராம். சாமந்தி மாலை அறுந்து விழ, கதவு திறந்தது.

"லேசா தொம்மு தொம்முன்னு சத்தம் கேட்டுச்சுங்க. படத்துல எதையோ ஒடைக்கிறாங்களாட்ட இருக்குதுன்னு விட்டுப்போட்டோமுங்க" என்றார் ஃபோர்மேன்.

"கரண்டை நிறுத்தினதே நீங்க! அப்புறம் படம் எப்படிங்க ஓடும்?" என்று ஒரு வாங்கு வாங்கினேன். இன்னும் வாங்கியிருப்பேன், ஆனால் சுபேதார் அதற்குள் செருப்புகூடப் போடாமல் சந்தில் ஓடிக்கொண்டிருந்தார். நானும் பின்னால் ஓடினேன். இந்த வயதில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கணபதியில் ஓடினவள் நானாகத்தான் இருப்பேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும். வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய், வழுக்கி விழாமல் போனது பெரிது.

வாசலில் அவரால் சாவியைப் பூட்டுக்குள் நுழைக்க முடியவில்லை. நான் வாங்கித் திறந்தேன். உள்ளே ரத்தத்தைப் பார்ப்பதற்கு மனதைத் தயார் செய்துகொண்டுதான் திறந்தேன். ஆஸ்பத்திரிக்கு எந்த வழியில் போக வேண்டும், யார் வீட்டுக் காரைக் கேட்க வேண்டும் என்பதுவரை யோசித்துவிட்டேன்.

அந்த அம்மா கதவுக்கு நேராக நின்றார். ஜன்னல் கண்ணாடி முழுசாக இருந்தது. கையில் ஒரு கீறல் இல்லை. தலையை வாரி முடித்து, முகம் கழுவி, குங்குமம் புதிதாக வைத்திருந்தார். என்னைப் பார்த்து, "வாங்க அம்மணி. பரேடு முடிஞ்சுதாட்ட இருக்குதுங்க. எங்கூட்டுக்காரரு சத்தம் கேட்டுச்சு" என்றார்.

சுபேதார் என் பின்னால் நின்றார். மூச்சு வாங்கியது. அந்த அம்மா என் தோளுக்கு மேலே எட்டி அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். முகம் கோணியது.

"ஏனுங்க, இத்தன நாளா எங்கீங்க போயிருந்தீங்க?"

நான் நகர்ந்து வழி விட்டேன். சுபேதார் வாயைத் திறந்தார். இங்கதான் இருந்தேன் என்று சொன்னார் என நினைக்கிறேன், பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. அந்த அம்மாவின் கண்ணில் மறுபடியும் அந்த விருந்தாளிப் பார்வை வரத் தொடங்கியது. எனக்குத் தாங்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க!" என்று அதட்டினேன்.

"இங்கதான் இருக்கறேன்!" என்று கத்தினார். தெருவில் போன ஸ்கூட்டர்காரர் நின்று பார்த்தார்.

"அதுக்கு எதுக்குங்க இப்புடிக் கத்தறீங்க? பக்கத்தூட்டுல என்ன நெனப்பாங்க?" என்று அந்த அம்மா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சுபேதார் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டே போனார். நான் வாசலில் உட்கார்ந்து நன்றாக அழுது தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்கு விளக்கு வைப்பதற்குள் அந்த அம்மாவுக்கு அது மறந்துவிட்டது. மறுபடியும் தம்பி, எந்தூருங்க என்று கேட்டிருக்கிறார். இந்த நோய் அப்படித்தான், யாரும் அதிசயம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் சுபேதார் இப்போது தன் சொந்தக் குரலில் பேசுகிறார். காலையில் கொல்லையில் நின்று முழுப் பரேடுக்கும் ஆணை கொடுக்கிறார். எதிர்வீட்டுக்காரர் தூக்கம் கெடுகிறது என்று முனகினார். நான் ஒரு நடை போய்ப் பேசிவிட்டு வந்தேன், அதற்குப் பிறகு முனகல் இல்லை. படத்தின் மீதியைப் போடுகிறேன் என்று பேரன் பல தடவை கூப்பிட்டுவிட்டான். கைப்பிடியை மாட்டு, அப்புறம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த அம்மா பல நாள் தம்பி என்கிறார். சில நாள் புருஷன் என்று தெரிந்து, ஏனுங்க என்கிறார். ஏனுங்க என்று கூப்பிட்ட நாளில் சுபேதார் உடனே எனக்குப் போன் போட்டுச் சொல்கிறார். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் கேட்க வேண்டியிருக்கிறது.